அருணா துளை போட மறுத்த பெட்டி

இன்று மலைமேல் செம்மேட்டில் அருணாவைச் சந்தித்தேன். ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வண்டிகளுக்கு சப்வூஃபர் என்கிற அதிர்வு ஸ்பீக்கர் விற்று, அதற்குப் பெட்டியும் செய்கிறார். பேசிவிட்டு வந்து மூன்று மணி நேரமாகிறது, மனசு இன்னும் ஆறவில்லை. அதனால் உடனே எழுதுகிறேன்.

சேந்தமங்கலத்தில் ஒரு மரச்சாமான் கடையில் ஆறு வருடம் பலகை அறுத்துவிட்டு, மலைக்குத் திரும்பித் தனியாகத் தொழில் தொடங்கியவர். அவருக்கு வேலை தருவது அந்த ஸ்டாண்டின் ஒன்பது ஜீப்புகள் மட்டுமே. அந்த ஓட்டுநர்களில் சந்தோஷ்குமார் வைத்ததுதான் சட்டம்.

போன மாதம் அவர் அருணாவிடம் ஸ்பீக்கர் வாங்கினார். துளை வைத்த பெட்டிதான் வேண்டும் என்றார். துளை வழியாகக் காற்றும் சேர்ந்து தள்ளுவதால் அதிர்வு கூடும். அருணா முடியாது என்றார். மூடின பெட்டியில் அதிர்வு கொஞ்சம் குறைவு, ஆனால் தாளம் சுத்தமாக விழும், இடமும் அடைக்காது. அதைவிட, அந்தப் பெட்டியின் மேல்தான் மிளகு மூட்டைகள் ஏறும். வளைவுக்கு வளைவு மூட்டை சாய்ந்து, சிந்துவதெல்லாம் துளைக்குள் போகும் என்றார்.

சந்தோஷ்குமார் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். "பலகை அறுக்கத் தெரிஞ்சாப் போதுமாக்கா? பாட்டுக் கேக்கக் காது வேணுமுங்க."

காளப்பநாயக்கன்பட்டியில் யாரிடமோ துளைப் பெட்டி செய்து மாட்டிக்கொண்டார். போன வாரம் பாட்டுக்கு நடுவே சடசடவென்று இரைச்சல். பெட்டியைக் கழற்றி வந்து கொட்டகை வாசலில் போட்டு, மட்டமான ஸ்பீக்கரைத் தலையில் கட்டிவிட்டதாகக் கத்தினார். இனி ஸ்டாண்டிலிருந்து ஒருவனும் வரமாட்டான் என்றார். மற்ற எட்டு ஓட்டுநர்களும் கூடிவிட்டார்கள்.

அருணா, துளை கீழே வரும்படி பெட்டியைக் கவிழ்த்தார். மிளகு கொட்டியது. கூடவே ஒரு கசங்கிய பஸ் டிக்கெட்.

கருப்பண்ணன் என்கிற ஓட்டுநர் குனிந்து பார்த்தார். "ஏஞ் சந்தோசு, ஊட்டுல ரசத்துக்கு ஆச்சு போ."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சந்தோஷ்குமார், பக்கத்திலிருந்த அருணாவின் மூடின பெட்டியை எட்டி உதைத்தார்.

"நல்லா ஒதை சாமி," என்றார் அருணா. "அது ஒடையாது. ஸ்பீக்கரு மட்டம்னு மட்டும் இன்னொருக்காச் சொல்லாத."

சந்தோஷ்குமார் அதன்பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கருப்பண்ணன் மட்டும் ஒரு மூடின பெட்டிக்கு அளவு கொடுத்திருக்கிறார். சிரித்த மற்ற ஏழு பேரும் கொட்டகைப் பக்கம் திரும்புவதில்லை.

"அவிங்க அவனோடதான் தெனமும் வண்டி நிறுத்தோணும். என்ன பண்ணுவாங்க?" என்றார் அருணா. பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மலைக்கு வண்டியில் போகிறவர்களே, செம்மேட்டில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். ஸ்டாண்டில் வழி கேட்டால் சொல்லமாட்டார்கள். ரம்பச் சத்தம் வரும் பக்கமாக நடங்கள். உங்கள் வண்டியில் எதை ஏற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார், உள்ளதைச் சொல்லுங்கள்.