ஜவ்வாது மலைக்கு மேலே ஒரு நேர்கோடு

பரக்கத்துல்லா விருத்தாசலம் செராமிக் பேட்டையில் காலமெல்லாம் பீங்கான் பொம்மை சுட்டவர். சூளை ஆறாமல் கதவைத் திறக்க மாட்டார். வியாபாரி வந்து கத்தினாலும் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். ஒரே ஒரு முறை அவசரப்பட்டார். மகள் அஸ்பியா விமானி உரிமத்தோடு வீட்டுக்கு வந்த அன்று, அவளுக்காக வார்த்த பீங்கான் விமானங்களைக் காட்ட வேண்டுமென்று சூட்டோடு திறந்துவிட்டார். காற்று பட்டதும் ஏறக்குறைய எல்லாம் வெடித்தன. இறக்கையில் கீறலோடு தப்பிய ஒன்றைக் கையில் எடுத்து, "இத நான் ஓட்டிக்கிறேன், நீ நல்லதா ஒண்ணு பாத்துக்கோ" என்றார்.

அவர் இறந்த செய்தி விடியலில் அஸ்பியா இருந்த பெங்களூருக்கு வந்தது. பேசியது அண்ணன் நவ்ஷாத். நண்பகல் லுஹர் தொழுகை வரைதான் ஜமாத்தில் பொறுப்பார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. உடலைச் சுமக்கும் சந்தூக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வந்தால்தான் அத்தாவின் முகத்தைப் பார்க்கலாம்.

அன்று ஒரு சிறு விமானத்தைப் பயணிகள் இல்லாமல் புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் வேலை அவளுக்கு இருந்தது. துக்கத்தில் இருப்பவர் ஓட்டக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்பவளே அவள்தான். யாரிடமும் மூச்சுவிடாமல் ஏறினாள். "நேரா வந்துடுறேண்ணே" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வழக்கமான வான்வழி சென்னையைச் சுற்றிக் கடற்கரையோரமாகப் போகும். அதில் எங்கே எவ்வளவு உயரத்தில் பறக்கலாமென்று முன்பே அளந்து வரைபடத்தில் போட்டிருப்பார்கள். அதை விட்டு நேராகப் போனால் நேரம் மிச்சம். ஆனால் கீழே என்ன இருக்கிறதென்று பார்த்து உயரத்தைக் குறிக்க வேண்டியது விமானியின் பொறுப்பு. ரேடியோவில் நேர்வழி கேட்டாள். தந்தார்கள்.

மேகத்துக்குள் கண்ணாடி முழுக்க வெள்ளை. கருவிகள் மட்டுமே கண். சீக்கிரம் சேர்ந்துவிடும் அவசரத்தில் இறங்கிக்கொண்டிருந்தவள், தான் குறித்த உயரத்தை மறுபடி பார்த்தாள். அது கடற்கரை வழியின் எண். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. இந்தக் கோட்டுக்குக் கீழே கடற்கரை இல்லை, ஜவ்வாது மலை.

விமானத்தின் மூக்கைத் தூக்கி ஏறினாள். சரியான எண்ணைத் தேடி எடுத்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தும், அதைப் படிக்கும் தன்னையே அவளால் நம்ப முடியவில்லை. இப்படியே போனால் அத்தாவைப் பார்த்துவிடலாம். சூளைக் கதவருகே, உடைந்தவற்றின் நடுவில் அவர் நின்றது நினைவுக்கு வந்தது.

ரேடியோவில் பழைய வான்வழிக்கே திருப்பிவிடச் சொன்னாள். பதில் சொன்ன குரல் காரணம் கேட்கவில்லை.

புதுச்சேரியில் இறங்கி அவள் பிடித்த கார் பேட்டைக்குள் நுழைந்தபோது ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நவ்ஷாத்தின் கையெல்லாம் மண். உள்ளறையில் அம்மா அமீர் நிஷா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நேரம் மொகத்த மூட வுடல நான். நேரா வரேன்னு சொன்னியாமே?"

"நடுவுல மலைம்மா. தெரியாம கீழ எறங்கிட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். புரிய சற்று நேரமானது.

"ஒருத்தர அனுப்பிட்டு ஒக்காந்திருக்கேன். அந்த வழியா எதுக்குடி வந்த?"

அஸ்பியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு வந்த பெண்கள் சலாம் சொன்னபோதும் அந்தப் பிடியை விடவில்லை.