கபடிப் போஸ்டர்

நான் கல்லூரியில் படித்தபோது கீரப்பாளையத்தில் ஆடிய பெண்கள் கபடிப் போட்டிக்கு என் படத்தைப் பெரிதாகப் போட்டுப் போஸ்டர் ஒட்டினார்கள். மானம் போய்விட்டதென்று அண்ணன் ஒவ்வொன்றாகக் கிழித்தான். ஒன்றை மட்டும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன்.

போன மாதம் அதைச் சிதம்பரத்தில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். "இவ்ளோ பெரிசெல்லாம் ஸ்கேன் ஆவாதுக்கா" என்றார்கள். வீட்டிலிருந்த சின்ன ஸ்கேனரிலேயே பன்னிரண்டு பகுதிகளாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தேன். மடிப்பில் வெளுத்திருந்த என் முகத்தைச் சரிசெய்யவே இரண்டு நாள் ஆனது. பிறகு ஏ4 தாள்களில் அச்சிட்டு, ஓரம் வெட்டி, அதே அளவில் ஹால் சுவரில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். "இத இன்னுமா வெச்சிருக்க? எடுத்துடு."

"வேணும்னா கிழிச்சுக்க. கம்ப்யூட்டர்ல இருக்கு. அடுத்தத வாசல்ல ஒட்டுவேன்."

அவன் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி குடித்தான். போஸ்டரில் கை வைக்கவில்லை.