அஞ்சலை பொட்டு வைத்த தூண்

விழுப்புரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு அரிசி ஆலையிலிருந்து போன் வந்தபோது, நான் திண்டிவனத்தில் என் பட்டறையில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, குடோன்ல ஒரு தூணு கால் அத்துப்போய் நிக்குது. ஜல்தி வாங்க" என்றார் முதலாளி.

கால் அற்ற தூண் எப்படி நிற்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் குரல் கேலிக்கு இடம் கொடுக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். குடோன் நிறைய நெல் மூட்டை. மேலே தகரக் கூரை, அதைத் தாங்கும் ஐ பீம் இரும்புத் தூண்கள். அதில் ஒரு தூணில் மட்டும் மஞ்சள், குங்குமம், காய்ந்த சாமந்திச் சரம். அடியில் சுத்தியலால் தட்டினேன். துரு அப்பளமாக உடைந்து விழுந்தது. தரையோடு தூணைப் பிடித்திருக்கும் பேஸ் பிளேட்டும் அதற்கு மேல் ஒரு முழமும் போயே போய்விட்டது.

"எல்லாம் இவ பண்ண வேல" என்று குடோன் பெருக்கும் அஞ்சலையைக் காட்டினார் முதலாளி. "வெள்ளிக்கெழம ஆனா மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு, கும்புட்டுக்கினு! இன்னையோட நின்னுக்க அஞ்சலை. நாளைக்கு வராத."

அஞ்சலை துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்: "அடுக்கி வெச்ச மூட்ட அட்டி சரிஞ்ச அன்னைக்கு நான் இதுக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தேங்க. இந்தத் தூணுதான் தாங்கிக்கிச்சு. உயிரக் காப்பாத்துனதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்துனது தப்புங்களா?"

இரும்பின் காலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தப்புதாம்மா. இரும்புக்குத் தண்ணிதான் எமன்" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"சரி, கால் போனத மொதல்ல யாரு பாத்தது?"

"நான்தாங்க. பொட்டு வெக்கக் குனிஞ்சேன், வெரலு உள்ள போச்சு. ஓடிப்போய் மொதலாளிகிட்ட சொன்னேன்."

சொன்னதற்குத்தான் வேலை போகிறது. என் கோபம் திசை மாறியது. பக்கத்துத் தூணை மறைத்திருந்த மூட்டைகளை எடுக்கச் சொன்னேன்.

"அதுக்குத்தான் யாரும் தண்ணி ஊத்தலியே?" என்றார் முதலாளி.

"அதனாலதாங்க பாக்கணும்."

மூட்டைகள் விலகின. அந்தத் தூணின் கால் இன்னும் மோசம். அண்ணாந்து பார்த்தேன். கூரையின் மழைநீரை வடிக்கும் தகர வாய்க்கால் ஜாயின்ட் விட்டு, தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, மூட்டைகளுக்கு அடியில் தேங்கியிருக்கிறது. அந்த வரிசைத் தூண்கள் அத்தனைக்கும் அதே கதி. மஞ்சள் தண்ணீருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அஞ்சலை குனிந்திராவிட்டால் அடுத்த பெருமழைக்குக் கூரை ஆட்கள் மேல் இறங்கியிருக்கும். முதலாளி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

குடோனைக் காலி செய்தோம். தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுத்து, ஜாக்கி ஏற்றி, கூரையின் பாரத்தை அதில் வாங்கினோம். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புது ஐ பீம் துண்டு வைத்து வெல்டிங் அடித்தோம். அடியில் முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் மேடை. இனி தண்ணீர் தேங்கினாலும் இரும்பைத் தொடாது. ஒரு தூண் முடிந்த பிறகே அடுத்ததில் கை வைத்தோம்.

அஞ்சலையின் தூணை மட்டும் நானே வெல்டிங் செய்தேன். "சாமி தூணுன்னு வெல்டிங்ல ஒரு ரன்னு சேத்து ஓட்றாருடா மேஸ்திரி" என்று என் ஆட்கள் சிரித்தார்கள். ஓட்டினேன்தான்.

வேலை முடிந்த அன்று, அதுவரை வராமல் இருந்த அஞ்சலை குங்குமச் சிமிழோடு வந்து தயங்கி நின்றார். கையில் சொம்பு இல்லை. "தண்ணி ஊத்தலீங்க. தொடச்சிட்டுப் பொட்டு மட்டும் வெச்சிட்டுப் போயிடறேன்."

முதலாளி தூணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எங்க போற? நாளையிலேர்ந்து வேலைக்கு வா. எல்லாத் தூணுக்கும் வெய்யி. மூட்டைய தள்ளி அடுக்கச் சொல்றேன். வாராவாரம் குனிஞ்சி பாத்து வெய்யி."

இப்போதும் சில வெள்ளிக்கிழமைகளில் அஞ்சலையிடமிருந்து எனக்குப் போன் வரும். "மேஸ்திரி, கடைசித் தூணு கால்ல பெயிண்டு பொரிஞ்சிருக்குதுங்க." போய்ப் பார்த்தால் பொரிந்துதான் இருக்கும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழுதுக்கு யார் காரணம் என்று கேட்பதற்கு முன், அதை முதலில் பார்த்தது யார் என்று கேளுங்கள். அந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப மட்டும் விட்டுவிடாதீர்கள்.