மலை ரயிலில் நிதானம்

டிப்போவில் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெறும் வரை நகரப் பேருந்து ஓட்டியவர். யாரையும் உரசியதில்லை, மழைக்காலத்தில்கூட நடந்து போகிறவர்கள்மேல் சேற்றைத் தெறிக்க விட்டதில்லை. ஆனால் வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் அந்த நிதானம் காற்றில் பறந்துவிடும். கால் தானாக பிரேக்கைத் தேடும். வாய் சும்மா இருக்காது. ஒருமுறை மருமகன் காரை ஓரமாக நிறுத்தி, "மாமா, நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நீட்டிவிட்டான்.

அந்த மருமகனும் மகளும்தான் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். கப்பலில் தொல்லை இல்லை. சாலையே இல்லாத இடத்தில் எங்கே பிரேக் போடுவது? ஆனால் ஒரு துறைமுகத்தில் கப்பல் பகல் முழுக்க நின்றது. விரும்புகிறவர்கள் மலை ரயிலில் போய்வரலாம் என்று அறிவித்தார்கள். தையல் கடை வைத்திருக்கும் அவர் மனைவி முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

சின்னச் சின்னப் பெட்டிகள், மர இருக்கைகள். முதல் வளைவிலேயே அவர் கால் ஓங்கி மிதித்தது.

"ஐயோ! அது என் கால்ங்க, பிரேக் இல்ல!" என்று அலறினாள் மனைவி.

பாதி மலையில், ஈர இலைகள் மேல் சக்கரம் வழுக்கி ரயில் நின்றது. மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். இன்ஜின் ஓட்டுகிற பெண், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் பின்னால விட்டு, அப்புறம் மெதுவா..."

"நீங்க டிரைவராய்யா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"வண்டி நின்னா மத்தவங்க எப்ப கிளம்பும்னு கேப்பாங்க. டிரைவருங்க மட்டும்தான் யோசனை சொல்வாங்க." அவள் சிரித்தாள். "இன்னிக்கு டியூட்டி எனக்கு, லீவு உங்களுக்கு. போய் உக்காருங்கய்யா."

அசடு வழியத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

"எனக்கு லீவாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "உங்க பஸ்ல எத்தனை தடவை வந்திருப்பேன்? எப்பவும் உங்க முதுகைத்தான் பார்த்துட்டு வருவேன். இன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்திருக்கோம். இதையும் தண்டவாளத்தைப் பார்த்தே கழிச்சுடாதீங்க."

ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவர் முன்பக்கம் எட்டிப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். அருவிச் சாரல் கண்ணாடியில் அடித்தது. கீழே அவர்களுடைய கப்பல் தேய்ந்த சோப்புத் துண்டு போலத் தெரிந்தது.

"அடேயப்பா!" என்றார். அப்புறம் உச்சி வரை அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

ரயில் மலையிலிருந்து இறங்கும்போது நடந்ததுதான் அதிசயம். வண்டியில் கண்ணயராத மனுஷன், அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். உயரமான பாலம் வந்ததும் பெட்டியில் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவள் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினாள். தோள் மரத்துப்போயும் அசையவில்லை.

துறைமுகத்தில் விழித்தவர், "நான் தூங்கலே, சும்மா கண்ணை மூடியிருந்தேன்" என்றார்.

"ஆமாமா. குறட்டை வேற யாரோ விட்டாங்க."

ஊர் திரும்பிய பிறகு, மாதம் ஒருமுறை இருவரும் ஏதாவதொரு வெளியூர்ப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். எந்த ஊர் என்பதை அவள் முடிவு செய்கிறாள். ஜன்னலோரம் யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் சண்டை தீரவில்லை.