புளியமரம் நின்ற இடம்

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்பவள் நான். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புளியமரங்கள் இருபுறமும் இடுப்பளவில் அடித்த வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டையோடு நிற்கும். வெள்ளம் ரோட்டை மூடினாலும் அந்தப் பட்டைகளுக்கு நடுவே ஓட்டினால் போதும். அகலப்படுத்துகிறோம் என்று அத்தனையையும் வெட்டிவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு மாலை ஸ்கூட்டியில் வந்தேன். ஏரி வழிந்து, ரோடும் பக்கத்து வாய்க்காலும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. பழகிய ரோடுதானே என்று முறுக்கினேன். முன்னால் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றிருந்தாள். இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தாள்.

"ஓரமா வராத! எனக்கு அந்தாண்ட வாய்க்கா, ஆளு முழுகிடும்!" என்று கத்தினாள்.

பிரேக் பிடித்தேன். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"இந்த மழையில நீ இன்னாத்துக்கு இங்க நிக்கிற?"

"மரம் இருந்த எடம்மா இது. முந்துன மழைக்கு யாரும் நிக்கல. எங்கூட்டுக்காரரு வண்டியோட வாய்க்காவுக்குள்ள பூட்டாரு."

இப்போது அங்கே சிவப்பாக மினுங்கும் கம்பம் நட்டிருக்கிறார்கள். மழை பிடித்தால் அதன் பக்கத்திலேயே அவளும் வந்து நிற்கிறாள். அவளைக் காணாத அன்று, கம்பம் எவ்வளவு மினுங்கினாலும், நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறேன்.