கறை படாத துணி

ஆனையூர் வீட்டில் கைக்குழந்தையான என் பேரனின் பீத்துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்த மகள், "இந்த மஞ்சக் கறை எம்புட்டுத் தேச்சாலும் போகலம்மா" என்று அலுத்துக்கொண்டாள். ஈரச் சோப்பின் வாடையில் எனக்குத் தங்கை செல்வியின் துணிகள் நினைவுக்கு வந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மேலூர்ப் பக்கம் இருந்தோம். செல்வி பிறந்து ஒன்றரை மாதமாகியும் அவள் கண்ணில் மஞ்சள் மாறவில்லை. துணியில் மட்டும் மஞ்சளே கிடையாது. அவள் வெளிக்குப் போவது சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். ஒரே அலசலில் போய்விடும்.

"பால் குடிக்கிற புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. அம்மா அலசாத துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துணியை விரித்துப் பார்த்தார். "ஈரல்லருந்து பித்தம் குடலுக்கு இறங்கலம்மா. அதான் நெறமே இல்ல. குழாய் அடைச்சிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போட்டா ஈரல் கெட்டுரும்."

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, துணியில் லேசாக மஞ்சள் தெரிந்தது. "குடு, அலசிட்டு வாரேன்" என்று அப்பா கை நீட்டினார்.

"இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அம்மா.

செல்வி இப்போது தல்லாகுளத்தில் வேலை பார்க்கிறாள். ஈரலை அவ்வப்போது சோதித்துக்கொள்வாள். அப்பாதான் மாறிப்போனார். பிள்ளை பிறந்த எந்த வீட்டுக்குப் போனாலும், ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டார்.

"வெளிக்கு என்ன நெறத்துல போகுது?" என்பார்.