முதலாளியின் கழுத்து

1991 பிப்ரவரி 14: பின் மேசைக் குடிகாரர், 18,000 வோன்.
1997 அக்டோபர் 3: பின் மேசைக் குடிகாரர், 30,000 வோன்.
2004 அக்டோபர் 22: முதலாளி, 2,00,000 வோன்.

தன் சம்பள நோட்டில் அந்த மூன்றாவது வரியை எழுத, கொரியாவின் சோல் நகரத்துத் துணை நடிகர் பியோ கில்நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகர்கள் சோஜு என்ற அந்த ஊர்ச் சாராயத்தைக் குடித்து மனம் திறக்கும்போதெல்லாம் பின்னால் மங்கலாகத் தெரிந்த முதுகு அவருடையது. ஐம்பத்தெட்டு வயதில்தான், அதுவும் ஒரே ஒரு நாளைக்கு, முகமும் வசனமும் கிடைத்தன.

காட்சி இதுதான்: கோபித்துக்கொண்டு வேலையை விட்ட கணக்கரை, முதலாளி தெருவோரக் கூடார மதுக்கடைக்கே தேடி வந்து, திட்டி, இருவர் கோப்பையையும் நிரப்புகிறார். கணக்கர் இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாக முகத்தைத் திருப்பிக் குடித்துவிட்டால் சமாதானம். பார்க்கிறவர்களுக்கு அது போதும், வசனம் வேண்டாம்.

ஆனால் கணக்கராக நடித்த பாங் மன்சிக் பெரிய நட்சத்திரம். கில்நாமைவிட மூன்று வயது மூத்தவர். மூத்தவர் முன்னால் இளையவர் முகத்தைத் திருப்பித்தான் குடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கோப்பை உதட்டில் பட்டதும் முதலாளியின் கழுத்துதான் திரும்பிக்கொண்டது. புட்டியில் இருந்தது வெறும் தண்ணீர். கழுத்துக்கு அது தெரியவில்லை.

"கட்! ஐயா, நீங்க முதலாளி! அவர்தான் திரும்பணும்!" என்றார் இயக்குநர் யுன்ஹா.

மறுபடியும் திரும்பியது.

"இன்னொரு தடவை கெட்டுச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

கில்நாம் மன்சிக்கிடம் புலம்பினார். "அண்ணே, உங்க முன்னாடி எப்படிண்ணே நேரா உக்காந்து குடிக்கிறது?"

மன்சிக் குனிந்து கிசுகிசுத்தார். "குடிக்கிற இடத்துல தலைகீழ் ஆட்டம் ஆடுவோமே, அத ஆடுவோம். பத்து நிமிஷம் நீ மூத்தவன், நான் பொடியன். வாடா போடான்னு பேசு."

கேமரா ஓடியது. கில்நாம் நிமிர்ந்தார்.

"டேய்! ஜனவரிப் பனியில எங்களையெல்லாம் வெளியே நிக்க வச்சிட்டு, நீ மட்டும் வண்டிக்குள்ள ஹீட்டர் போட்டுத் தூங்குனியே, மறந்துட்டியா? நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? குடி!"

எழுதிக் கொடுத்ததில் இது ஒரு வரிகூட இல்லை. 'கட்' சொல்ல எழுந்த யுன்ஹாவின் கை பாதியில் நின்றது. மன்சிக்கின் காது சிவந்தது. இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, முகத்தைத் திருப்பிக் குடித்தார். திரும்பிய முகம் சட்டென்று இந்தப் பக்கம் வரவில்லை. எதிரே கில்நாம் கழுத்தை அசைக்காமல் ஒரே மடக்கில் குடித்தார்.

"கட்! ஓகே!"

கில்நாம் பாதியாகச் சுருங்கினார். "அண்ணே, வாய் தவறி..."

"பத்து நிமிஷம் இன்னும் முடியலடா. வேற ஏதாவது பாக்கி இருக்கா?"

"நிறைய இருக்குண்ணே. ஆனா அதுக்கு இந்த முதலாளி அடுத்த வாரமும் வரணும்."

யுன்ஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதலாளி தொடரின் கடைசிப் பகுதிவரை வர வேண்டும் என்று தயாரிப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கில்நாமுக்கு அவர்கள் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். பிறகெல்லாம் போனிலேயே கூப்பிட்டார்கள். அந்தக் கடிதம் வந்த நாள் 2004 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை.